முப்பத்தெட்டாவது கட்டம்

ஹைட்ரஜனுக்கும் ஹீலியத்துக்கும் நடுவில் உள்ள காலி இடத்தில் ஆணையத் தலைவரின் புகைப்படத்தை வைக்க முடியாது என்று யாமினி மறுபடியும் விளக்கிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா முடியாது? இவ்வளவு இடம் சும்மாத்தானே கெடக்கு?” தலைவர் செல்வநாயகம் மேசைமேல் விரித்திருந்த மாதிரித் தாளில் அந்த இடத்தை உள்ளங்கையால் தடவிக் காட்டினார்.

“அங்க வர்றதுக்குத் தனிமம் எதுவும் கிடையாது சார். அதனாலதான் காலியா இருக்கு.”

“அதையேதான் நானும் சொல்றேன். எதுவும் கிடையாதுல்ல? அப்ப நான் வர்றேன்.”

எதிரே உட்கார்ந்திருந்த அச்சுப் பிரிவு சிராஜ் தண்ணீர் பாட்டிலைத் திறந்து வாயில் கவிழ்த்துக்கொண்டான். சிரிப்பை மறைக்க அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

“அப்புறம், கீழ ரெண்டு வரிசை தனியாத் தொங்குதே. மேல சேக்க மறந்துட்டீங்களா?”

“அது அங்கதான் சார் இருக்கும். உலகம் பூரா அப்படித்தான் போடுவாங்க.”

“உலகம் பூரா போடுறாப்லயே நாமளும் போட்டா, நமக்குன்னு என்னம்மா இருக்கு?”

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது யாமினிக்குத் தாடை வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறாள். படுகை ஆணையத்தின் அட்டவணை வடிவமைப்பாளராகச் சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு கூட்டமும் இப்படித்தான். பாலாற்றுப் படுகைக்காரர்கள் தங்களுக்கு ஏன் சாம்பல் நிறம் என்று சண்டைக்கு வந்தார்கள். வைகைக்காரர்கள் தங்கள் ஆரஞ்சு சரியாகப் பழுக்கவில்லை என்றார்கள். ஒருவர், கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் இடையில் கொஞ்சம் மூச்சுவிட இடம் வையுங்கள் என்றார்.

இத்தனைக்கும், வேலை இழுத்துக்கொண்டே போவதில் அவளுக்கு ஒரு லாபம் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தனக்கே கூட முழு வாக்கியமாகச் சொல்லிக்கொண்டதில்லை.

படுகைச் சட்டம் வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. கடல் உள்ளே ஏறி, மழை இடம் மாறி, நகரங்கள் ஒன்றின் மேல் ஒன்று சரிந்தபின், ஒவ்வோர் ஆற்றுப் படுகையும் தன் மக்களுக்கு மட்டுமே தண்ணீரும் வீடும் படிப்பும் தரும் என்று முடிவாயிற்று. தன் மக்கள் யார் என்பதுதான் சிக்கல். சான்றிதழ்களை யாரும் நம்பவில்லை. எந்த ஊர்ச் சான்றிதழும் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் கிடைத்தது. பல் பொய் சொல்லாது என்றார்கள். எனவே பல்.

பதினேழு வயது நிறைந்த எவரும் ஆணையத்துக்கு வந்து வாயைத் திறக்க வேண்டும். முதல் கடைவாய்ப்பல்லின் உச்சியில் ஒளிக்கற்றை ஒரு துளி இடத்தைச் சுரண்டும். சில நாட்களில் அவர் பெயர் போட்ட அட்டவணை வரும். பள்ளிச் சுவரில் எல்லாரும் பார்த்த அதே தனிம அட்டவணைதான். பெரும்பாலான கட்டங்கள் வெளிறிக் கிடக்கும். ஏழு கட்டங்கள் மட்டும் ஒளிரும். அவற்றுக்குள் ஒரு வளையம், அந்தத் தனிமத்தின் எந்த ஐசோடோப்பு உங்கள் உடம்பில் எவ்வளவு என்று காட்டும். முப்பத்தெட்டாவது கட்டமான ஸ்ட்ரான்சியத்தில்தான் தீர்ப்பு. அந்தக் கட்டம் காவிரிக்குப் பச்சை, தாமிரபரணிக்கு நீலம், வைகைக்கு ஆரஞ்சு.

யாமினி முதலில் வரைந்தது இப்படி இல்லை. அவள் வளையத்தில் நிறங்கள் ஒன்றில் ஒன்று கரைந்தன. பச்சை மெல்ல நீலமாகும் இடம் இருந்தது. மண் கோடு போட்டு முடிவதில்லை, மனிதர் ஒரே இடத்தில் தின்று வளர்வதில்லை என்று அவள் சொன்னதை எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். பிறகு செல்வநாயகம், “ஒருத்தனுக்கு ஒரு கலர். பாத்த உடனே தெரியணும்” என்றார். தீர்ந்தது.

அவளுடைய கட்டம் நீலம். பாபநாசத் தண்ணீரில் வளர்ந்த பல். திருமணமான பெண் கணவனின் படுகையில் வாழலாம், மணம் முறிந்தால் தன் பல்லுக்கே திரும்ப வேண்டும் என்பது சட்டத்தின் ஒரு சிறிய பிரிவு. அவளுக்கு மணம் முறிந்திருந்தது. திருச்சியில் அவள் இருந்தது பணி அனுமதியின் பேரில். இப்போது வெளியே போவது தற்காலிக வடிவம்; இறுதி அட்டவணை முடியும் நாளில் அனுமதியும் முடியும். ஆகவே தலைவர் தன் படத்தை ஹீலியத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லி அடம்பிடிக்கும் ஒவ்வொரு வாரமும், மகள் ரேவாவுடன் அவளுக்குக் கிடைத்த இன்னொரு வாரம். எரிச்சலோடு கூட்டத்திலிருந்து எழுந்து வரும்போதெல்லாம் அந்த எரிச்சலுக்கு அடியில் ஒரு நன்றி கிடந்தது. அந்த நன்றி அவளை இன்னும் எரிச்சல்படுத்தியது.

ரேவா திருச்சியில் வளர்ந்தவள். அவளுக்குப் பச்சைதான் வரும். அப்பா ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார். கல்லூரி பூப்பந்து அணியில் இடம் கிடைத்துவிட்டது. அம்மா கிளம்பிப் போனபின் அவள் அப்பா வீட்டில் இருப்பாள். மாதத்தில் சில நாள் போய்வர அனுமதி உண்டு. எல்லாம் பேசி முடித்தாயிற்று.

அப்புறம் ரேவாவின் அட்டவணை வந்தது.

“இது என்னம்மா?” ரேவா அதைச் சாப்பாட்டு மேசையில் வீசினாள். “நீலம்!”

யாமினி தாளை எடுத்துப் பார்த்தாள். தன் கையால் அளவெடுத்து வைத்த கட்டம், தான் தேர்ந்த நீலம்.

“நான் ஃபார்ம்ல போட்ட ஊரு திருச்சி. வளந்தது திருச்சி. இவனுங்க யாரு என் பல்லைப் பாத்துட்டு என்னைத் திருநெல்வேலிக்குப் போன்னு சொல்றதுக்கு? அதுல அப்படி என்னதான் இருக்கு?”

“ஸ்ட்ரான்சியம் எல்லாப் பாறையிலயும் இருக்கும். ஒரே தனிமம்தான், ஆனா எடை கூடினதும் குறைஞ்சதுமா வகை வகையா இருக்கும். எந்த வகை எவ்வளவுங்கறது பாறைக்குப் பாறை மாறும். பாறையிலேர்ந்து தண்ணி, தண்ணியிலேர்ந்து சோறு, சோத்துலேர்ந்து பல்லு. பல்லு ஒரு தடவை உருவாயிட்டா அப்படியே நிக்கும்.”

“பாடம் எடுக்காதம்மா. தப்பா இருக்கு. மாத்தச் சொல்லு. நீதானே இதை வரையுற?”

“நான் கட்டம்தான் வரையுறேன். கலர் லேப்லேர்ந்து வருது.”

“அப்ப எதுக்கு நீ அங்க வேலை பாக்குற?”

கதவு அறைந்து சாத்தப்பட்டது. யாமினி நாற்காலியில் உட்கார்ந்தாள். மகளுக்காகக் கோபப்பட வேண்டும் என்று காத்திருந்தாள். கோபம் வரவில்லை. மகிழ்ச்சி வந்தது. வெட்கமில்லாத, தொண்டைவரை ஏறி நிற்கும் மகிழ்ச்சி. இவள் என்னோடு வருகிறாள். நீதிமன்றம் பிரித்துக் கொடுத்ததை, அப்பாவும் அம்மாவும் வக்கீல்களும் பேசிப் பேசிக் கிழித்ததை, ஒரு பல் தூக்கி என் மடியில் போட்டுவிட்டது. தாளை அவள் மறுபடி பார்த்தாள். அவ்வளவு அழகான நீலத்தைத் தான் தேர்ந்தெடுத்திருந்ததை அப்போதுதான் கவனித்தாள்.

அந்த மாதம் முழுக்கப் புகார்கள் வந்தபடி இருந்தன. ஆணையத்தின் வாசலில் ஓர் அம்மாள் இரண்டு அட்டவணைகளை இரு கைகளிலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மூத்தவனை அனுப்பிட்டுச் சின்னவனை வெச்சுக்கன்னா எப்படிம்மா? ரெண்டும் என் வயித்துல பொறந்ததுதானே? மூத்தவன்தான் எங்களுக்குக் கஞ்சி ஊத்துறான். சின்னவன் எங்கிட்ட வாங்கிட்டுப் போறவன்.”

யாமினி புகார்ப் பிரிவுக்குக் கைகாட்டினாள்.

செல்வநாயகத்துக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. “மையி. எவனோ மையை மாத்திக் கலந்துட்டான்.”

“என் மையில ஒரு குத்தமும் இல்ல சார்” என்றான் சிராஜ்.

“என் மெஷின்லயும் இல்ல” என்றாள் ஆய்வகத்தின் டாக்டர் ஆக்னஸ். அவள் அந்த இயந்திரத்தைப் பற்றி யாராவது குறை சொன்னால், பெற்ற பிள்ளையைச் சொன்னதுபோல் சிலிர்த்துக்கொள்வாள்.

“அப்ப டிசைன்தான்” என்று தலைவர் யாமினியைப் பார்த்தார்.

யாமினி, சிராஜ், ஆக்னஸ் மூவரும் மதியம் கேன்டீனில் ஒரே மேசையில், ஒருவர் மேல் ஒருவர் கடுப்போடு, சாப்பிட்டார்கள்.

“எனக்கே ஆரஞ்சு வந்திருக்கு, தெரியுமா?” என்றான் சிராஜ். “என் தம்பிக்குப் பச்சை. நீ தவுட்டுக்கு வாங்குன பிள்ளைன்னு வீட்ல கலாய்க்கிறான். அத்தா அதைக் கேட்டுட்டுச் சிரிக்கிறாரு.”

“உன் ப்ரிண்டர் ஆரஞ்சா துப்புது. அதுக்கு நான் என்ன பண்றது?” என்றாள் ஆக்னஸ்.

“ப்ரிண்டர் துப்புனா தம்பிக்கும்ல துப்பணும்?”

யாமினி சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து தன் அறைக்குப் போனாள். புகார் வந்த அட்டவணைகளைக் குடும்பம் குடும்பமாகத் தரையில் பரப்பி வைத்திருந்தாள், மைக் குற்றம் எங்கே என்று கண்டுபிடிக்க. தாள்களுக்கு நடுவே குந்தி உட்கார்ந்தாள். அப்பா பச்சை, அம்மா சாம்பல், மூத்த பெண் சாம்பல், அடுத்த இருவர் பச்சை. அப்பா பச்சை, அம்மா ஆரஞ்சு, மூத்தவன் ஆரஞ்சு, தம்பி பச்சை. வரிசை மாறவே இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் தலைப்பிள்ளை மட்டும் அம்மாவின் நிறத்தில் இருந்தது. மைக்கு மூத்தது இளையது தெரியாது.

திரும்பி வந்தபோது சிராஜ் கை கழுவிக்கொண்டிருந்தான்.

“சிராஜ், நீ எங்க பொறந்த?”

“மேலூர்ல. அம்மாவோட ஊரு. ஏன்?”

“தம்பி?”

“இங்கதான், திருச்சி ஆஸ்பத்திரில. ரெண்டாவதுக்கெல்லாம் யாரு தாய்வீட்டுக்குப் போறா? மூத்ததை யாரு பாத்துக்கறது? என்னை ஒரு வருஷம் அங்கயே வெச்சிருந்தாங்களாம். கூட்டிட்டு வரப் போன இடத்துல அத்தாவுக்கும் மாமாவுக்கும் தகராறு. பிரியாணில கறி கம்மின்னு.” அவன் சொல்லிவிட்டு டீ வாங்கப் போய்விட்டான்.

ஆக்னஸ் மேசையில் ஆரஞ்சுப்பழத் தோலை உரித்துக்கொண்டிருந்தாள்.

“ஆக்னஸ், நீங்க சுரண்டி எடுக்குற இடம், பல்லோட உச்சி, அது எந்த வயசுல உருவாகுறது?”

“பொறந்த உடனே ஆரம்பிச்சுடும். மொத வருஷத்துக்குள்ள. கீழ ஈறுகிட்ட இருக்கறது ரெண்டு மூணு வயசுல. ஏன்?”

“சும்மா. அட்டவணைக்கு அடியில ஒரு குறிப்பு போடலாமான்னு.”

“போடுங்க. உச்சியில எடுத்தா ஆளுக்கு அரை நிமிஷம்தான் ஆகும். மெஷின் செஞ்சவங்களே சொன்ன இடம்.”

மெஷின் செய்தவர்களின் நாட்டில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கம் இல்லை. வளைகாப்பு முடிந்து வண்டியில் ஏறும் பெண்களை அவர்கள் பார்த்ததில்லை. அம்மா வீட்டுச் சோறும் அம்மா வீட்டுத் தண்ணீரும் பாலாகி, பால் பல்லின் உச்சியாகி, அந்த உச்சியைச் சுரண்டி, நீ இந்த ஊர்க்காரன் இல்லை என்று சீட்டுக் கிழிக்கிறோம். இங்கே வேலை செய்யும் அத்தனை பேருக்கும் தாய்வீட்டுப் பிரசவம் தெரிந்ததுதான். ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும்தான்.

ரேவாவை அவள் திருநெல்வேலியில்தான் பெற்றாள். மூன்றாம் மாதம் கணவன் கூட்டிப்போக வந்தபோது குழந்தைக்குச் சளி என்றாள். ஐந்தாம் மாதம் ஆடி என்றாள். பிறகு சொல்லக் காரணமில்லாமல், முற்றத்தில் குழந்தையைக் கிடத்தி வெயில் காட்டிக்கொண்டு, கணவனின் தொலைபேசி அழைப்புகளை எடுக்காமல் ஏறக்குறைய ஒரு வருடத்தை ஓட்டினாள். போக மனமில்லை என்று அன்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாதது மகளின் பல்லில் இருக்கிறது, நீல நிறத்தில்.

அன்று அவள் யாரிடமும் எதுவும் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை.

பேசாமல் இருப்பது சுலபமாக இருந்தது. தலைவர் மையைத் திட்டினார், சிராஜ் இயந்திரத்தைத் திட்டினான், ஆக்னஸ் எல்லாரையும் திட்டினாள். அந்தச் சத்தத்துக்குள் யாமினி தன் மௌனத்தை வைத்துக்கொள்ள நிறைய இடம் இருந்தது. வீட்டில் ரேவா பூப்பந்து மட்டையை உறையில் போட்டு அலமாரிக்கு மேலே ஏற்றிவைத்துவிட்டாள். அணியிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்களாம். சாப்பிடக் கூப்பிட்டால் வந்தாள், தட்டைக் கழுவி வைத்தாள், போனாள். இதுவரை அவள் தட்டைக் கழுவியதே இல்லை. தன்னோடு வரப்போகும் பெண் இவள்தான் என்று யாமினிக்கு உறைத்தது. கோபத்தில் கதவை அறைகிற, மட்டையைச் சுழற்றி ட்யூப்லைட்டை உடைக்கிற பெண் வரப்போவதில்லை. தட்டைக் கழுவி வைக்கிற ஒருத்திதான் வருவாள். அதுவும் பழகிவிடும், பதினேழு வயதில் எல்லாம் ஆறிவிடும் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். அந்தப் பதிலின் குரல் எங்கேயோ கேட்டதுபோல இருந்தது. அவளைக் கட்டிக்கொடுத்தபோது வீட்டில் பேசிய குரல்.

அடுத்த கூட்டத்தில் செல்வநாயகம் உற்சாகமாக வந்தார். தீர்வு கிடைத்துவிட்டதாம்.

“ராத்திரி பூரா யோசிச்சேன். இந்தக் கலரையெல்லாம் கொஞ்சம் கிட்டக் கிட்டக் கொண்டுவாங்கம்மா. ஆரஞ்சுல லேசாப் பச்சை. நீலத்துலயும் லேசாப் பச்சை. ஒரே வீட்ல ரெண்டு கலர் இருக்குன்னு பாக்குறவனுக்குத் தெரியக்கூடாது.”

“சார், கலர் தெரியாட்டியும் உள்ள நம்பர் அதேதானே? அவங்களை அனுப்பத்தானே போறோம்?”

“அனுப்பத்தான் போறோம். அதுக்குச் சட்டம் இருக்கு. புகார் வரக்கூடாதுங்கறதுதான் இப்ப பிரச்சினை.”

“அதாவது, பாத்தா ஒண்ணும் தெரியாத மாதிரி ஒரு சார்ட் போடச் சொல்றீங்க.”

“அழகாப் போடுங்க. உங்களுக்குத் தெரியாததா?”

யாமினிக்குள் ஏதோ ஒன்று பொறுமை இழந்தது. அது நீதியுணர்ச்சி என்று அவளால் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. வாசலில் நின்ற அம்மாள் நினைவுக்கு வந்தாள், ரேவா கழுவி வைத்த தட்டு நினைவுக்கு வந்தது, ஆனால் அவற்றையெல்லாம் முந்திக்கொண்டு வந்தது வெறும் கடுப்பு. இத்தனை மாதங்கள் ஒவ்வொரு கோட்டுக்கும் அலைந்து செய்த ஒன்று, கண்ணைக் கட்டும் துணியாகப் போகிறது.

“மையில தப்பு இல்ல. மெஷின்லயும் இல்ல. எல்லாரும் தலைப்பிள்ளைங்க சார்” என்றாள்.

“யாரு?”

“கலர் மாறி வந்தவங்க எல்லாரும். தாய்வீட்ல பொறந்தவங்க. நாம எடுக்கற இடம் பல்லோட உச்சி. அது மொத வருஷத்துல உருவாகுறது. அந்த வருஷம் குழந்தை எங்க இருக்கும்? அம்மாவோட ஊர்ல.”

ஆக்னஸ் கையிலிருந்த பேனாவை மெல்ல மேசையில் வைத்தாள். “கர்த்தரே” என்றாள், இயந்திரத்தை நினைத்து.

“மேலூர்” என்றான் சிராஜ், தனக்குத்தானே. அப்புறம் சத்தமாக, “அன்னைக்கே கேட்டீங்களே! அப்பவே தெரியுமா?” என்றான்.

யாமினி அவனைப் பார்க்கவில்லை. “நீங்க வீட்ல மூத்தவரா சார்?” என்று தலைவரைக் கேட்டாள்.

“ஆமா. எங்க அம்மா சித்தூர்ப் பக்கம்.” சொன்ன பிறகுதான் அவருக்குப் புரிந்தது. முகம் மாறியது. “அது ஒண்ணும் பிரச்சினை இல்ல. எனக்கு எல்லாம் கட்டுன பல்லு.”

ஆனாலும் அவர் விரைவாக முடிவெடுத்தார். உச்சி வேண்டாம், ஈறுக்குப் பக்கத்தில் எடுங்கள் என்று அன்றே உத்தரவு போட்டார். ஒருவேளை அவருடைய பிள்ளைகளிலும் மூத்தது ஒன்று இருந்திருக்கும்.

கல்லூரிச் சேர்க்கை நெருங்கியதால் இளையவர்களை முதலில் மறுபடி அழைத்தார்கள். ரேவாவும் போய் வாயைத் திறந்துவிட்டு வந்தாள். வந்த வேகத்தில் அலமாரியின் மேலிருந்து மட்டையை இறக்கினாள். யாமினி அதைச் சமையலறையிலிருந்து பார்த்தாள். தன் சாமான்களில் எதை எடுத்துப்போவது, எதை விடுவது என்று மனம் தானாகப் பிரிக்க ஆரம்பித்தது. மிக்ஸி இங்கேயே இருக்கட்டும். இட்லிப் பாத்திரம் எனக்கு.

முடிவுகள் வந்த அன்று ஆக்னஸ் தொலைபேசியில் கத்தினாள்.

“உடனே லேபுக்கு வாங்க. ஒண்ணும் கேக்காதீங்க, வாங்க.”

திரையில் இளையவர்களின் அட்டவணைகள் வரிசையாக நின்றன. முப்பத்தெட்டாவது கட்டம் எல்லாவற்றிலும் வெள்ளையாக இருந்தது. பச்சை இல்லை, நீலம் இல்லை, எதுவும் இல்லை.

“ப்ரிண்டர் இல்ல. நான் ப்ரிண்டே போடல” என்று சிராஜ் முந்திக்கொண்டான்.

செல்வநாயகம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். “என்னம்மா இது?”

“எந்தப் படுகையோடயும் பொருந்தல சார்” என்றாள் ஆக்னஸ். “பொருந்தலன்னா கட்டம் வெள்ளையா நிக்கும். பெரியவங்களுக்கு வருது. இருபது வயசுக்குக் கீழ, டவுன்ல வளந்த பிள்ளைங்களுக்கு வரல.”

“ஏன் வரல?”

“காவிரிக்கரையில இருந்துக்கிட்டு நாம பிள்ளைக்கு எந்தத் தண்ணி குடுத்தோம்? கேன் தண்ணி. அதுல பாறை கீறை எல்லாத்தையும் வடிகட்டி எடுத்துடுறான். பால்? பாக்கெட் பால். பத்து மாவட்டத்துப் பாலை ஒண்ணாக் கொட்டிக் கலக்கினது. அரிசி வேற மாநிலம், பருப்பு வேற நாடு. எல்லாத்தையும் சேத்துப் பாத்தா ஒரு ஊரும் வராது.”

“அப்ப இந்தப் பிள்ளைங்க எந்த ஊரு?”

“மொத வருஷம் தாய்ப்பால் குடிச்சப்ப ஏதோ ஒரு ஊரு இருந்துச்சு. அதுதான் வேணாம்னு கீழ இறங்கி எடுத்தோம்.”

தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். பிறகு யாமினியின் பக்கம் திரும்பி, அவள் எதிர்பார்த்ததையே கேட்டார்.

“இந்த வெள்ளைக்கு ஒரு கலர் குடுத்துடுங்களேம்மா.”

“எந்தக் கலர் சார்?”

“நீங்களே பாத்து, நல்லா இருக்கறதா…”

ஒரு கணம் அந்த அதிகாரம் அவள் கையில் இருந்தது. நீலம் என்றால் நீலம். பல்லின் உச்சியில் முதலில் வந்த நிறத்தையே போட்டுவிடலாம் என்று அவள் சொன்னால் போதும், அவர் தலையாட்டியிருப்பார்; அவருக்கு வேண்டியது ஒரு கலர். அதற்கு அறிவியல் காரணமும் கூடவே இருந்தது, பொய்கூட இல்லை.

“இல்லாத கலரை நான் போட மாட்டேன் சார்.”

“அப்ப என்னதான்மா பண்றது? யாரைப் போய்க் கேக்கறது?”

“அந்தப் பிள்ளைங்களையே கேளுங்க!” யாமினி தன் குரல் ஏறியதை உணர்ந்தாள். “எங்க இருக்கப் போறன்னு கேட்டா சொல்லிட்டுப் போறாங்க. அதுக்கு எதுக்கு சார் பல்லு?”

அவர் அதைத் திட்டாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆலோசனையாக எடுத்துக்கொண்டார். மாலைக்குள் சுற்றறிக்கை போய்விட்டது. நிறம் வராதவர்கள் தாங்கள் விரும்பும் ஒரு படுகையைத் தாங்களே சொல்லலாம். நிறம் வந்தவர்களுக்கு அந்தக் கேள்வி கிடையாது. பெரியவர்களில் தலைப்பிள்ளைகளை மறுபடி அழைப்பார்கள். மற்றவர்கள் இருக்கிறபடியே இருக்க வேண்டியதுதான். யாமினி வீட்டில் நான்காவது பிள்ளை. பிறந்ததிலிருந்து அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவள். எங்கே சுரண்டினாலும் நீலம்தான்.

வீட்டுக்குள் நுழைந்தபோது ரேவா சோபாவில் கால்களை மேலே தூக்கிப் போட்டுக்கொண்டு கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வந்துடுச்சும்மா. எந்தப் படுகைன்னு கேக்குது. தொட்டாப் போதுமாம்.”

“ம்.”

“போட்டுட்டேன்.”

யாமினி கைப்பையை ஆணியில் மாட்டினாள். அது நழுவி விழுந்தது. எடுத்து மறுபடி மாட்டினாள். “என்ன போட்ட?”

“காவிரி.” ரேவா நிமிர்ந்து பார்த்தாள். “கோவமா?”

“இல்ல.”

“அழுவியா?”

“ஏட்டி, சும்மா கெட.”

“பாரு, கோவம் வந்தா திருநெல்வேலி வந்துடும் உனக்கு.” சிரித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். எழுந்து உட்கார்ந்தாள். “ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லு. சிராஜ் அங்கிள் போன் பண்ணாரு, எல்லாம் சொன்னாரு. மூத்த பிள்ளை மேட்டரை நீதான் கண்டுபிடிச்சியாம். யாருக்குமே தெரியாதாம்.”

“ஆமா.”

“நீ வாயைத் திறக்காம இருந்திருந்தா நான் நீலம். உன்கூடத்தான் வந்திருக்கணும். வேற வழியே கிடையாது.”

“ஆமா.”

“அது உனக்குத் தெரியும்ல?”

“தெரியும்.”

“நான் உன்கூட வரணும்னு உனக்கு ஆசையே இல்லையா?”

யாமினி மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள். சொல்வதற்கு நிறைய இருந்தது. அந்த நீலத்தைப் பார்த்த கணத்தில் தொண்டைவரை ஏறியது, இரண்டு நாள் மௌனம், மிக்ஸி, இட்லிப் பாத்திரம். எல்லாவற்றையும் சொன்னால் இந்தப் பெண் கைபேசியை எடுத்து மாற்றிவிடுவாள் என்று தெரிந்தது. அப்படி மாற்றுகிறவள்தான் அவள். கதவை அறைந்துவிட்டுப் பின்னாலேயே வந்து மன்னிப்புக் கேட்கிறவள்.

“சார்ட் தப்பா இருந்துச்சு” என்றாள்.

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

ரேவா அவளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பவில்லை என்பது தெரிந்தது. பிறகு கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சிறுபிள்ளையில் செய்வதுபோல் சோபாவில் நகர்ந்து வந்து அம்மாவின் மடியில் தலையைப் போட்டாள். தலை கனத்தது.

“லூசும்மா நீ” என்றாள்.

யாமினி அவள் நெற்றியில் கை வைத்தாள். ரேவா கொட்டாவி விட்டாள். வாய் அகலத் திறந்தது. உள்ளே கடைவாயில், வெளிச்சம் பட்ட இடத்தில், பல் வெள்ளையாகத்தான் இருந்தது.